ஊசல் மெதுவானதற்குக் காரணம் குண்டின் எடை அல்ல

நூலின் நீளத்தை மாற்றாமல் பெரிய குண்டைக் கட்டியபோது ஊசல் மெதுவாக ஆடியது, ஆகவே எடை கூடினால் அலைவு நேரமும் (ஊசல் ஒரு முறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) கூடும் என்று ஒரு கருத்து பரவி வருகிறது. அளவீடு சரியாகவே இருக்கலாம். முடிவு சரியல்ல.

ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் மட்டுமல்ல, தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள தூரம். 50 செ.மீ. நூலில் 1 செ.மீ. ஆரமுள்ள குண்டைக் கட்டினால் நீளம் 51 செ.மீ.; 3 செ.மீ. ஆரமுள்ளதைக் கட்டினால் 53. அதாவது எடையை மட்டும் மாற்றியதாக நினைத்த இடத்தில் நீளமும் சேர்ந்து மாறிவிட்டது. இரண்டு மாறிகள் ஒன்றாக நகர்ந்தால் விளைவை எதன் கணக்கிலும் எழுத முடியாது. இந்த 2 செ.மீ. மட்டுமே 20 அலைவுகளில் சுமார் அரை நொடி வித்தியாசம் தரும் (28.7 நொடி, 29.2 நொடி).

நீங்களே சரிபார்க்கலாம். பெரிய குண்டுக்கு நூலை 48 செ.மீ. ஆக்குங்கள், இப்போது இரண்டுக்கும் மையம் வரை 51. சாய்வுக் கோணம் 10 பாகைக்குள் இருக்கட்டும். ஒரே அலைவை அளக்காதீர்கள், கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதமே அதை விழுங்கிவிடும். 20 அலைவுகளை மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அந்த அரை நொடி காணாமல் போயிருக்கும்.