தையல் காய்ந்திருந்தது, உள்ளே சீழ் கட்டியிருந்தது
ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கிருமித் தொற்று பற்றிய உங்கள் கட்டுரையில் தையல் போட்ட இடத்தைப் பார்த்துக்கொள்வது பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வயிற்றுக்குள் சீழ் கட்டுவதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தை மாதம், சம்பா அறுவடை நேரம், அப்பா மூன்று நாள் வயிற்று வலியோடு களத்திலேயே நின்றார், குடல்வால் வெடித்த பிறகுதான் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தபோது தையல் சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல், விடாத விக்கல், சோறு வேண்டாம் என்கிறார். வாய்வாக இருக்கும் என்று அத்தை ஓமத்தண்ணீர் கொடுத்தார், நாங்களும் பாராசிட்டமால் போட்டே இரண்டு நாள் ஓட்டிவிட்டோம், அதுதான் தப்பு. சி.டி. ஸ்கேனில் கல்லீரலுக்கு மேலே சீழ். மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை, ஸ்கேனில் பார்த்தபடி மெல்லிய குழாய் விட்டு வடித்தார்கள், பையில் இறங்கிய அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. இவ்வளவு பெரிய சீழை வெளியே எடுக்காமல் ஆன்டிபயாடிக் மட்டும் போட்டால் கேட்காது என்றார் டாக்டர்.

இப்போது அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். சரி, இது அவசரமில்லை, தயாராக நேரம் இருக்கிறது. பீடியை 4 வாரம் முன்பே நிறுத்த வைத்தோம், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம், ஆபரேஷன் செய்யும் இடத்து முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார், அதில் விழும் சின்னக் கீறலில்கூடக் கிருமி ஏறுமாம். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று இந்தத் தடவை முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம்.