சுத்தமான நாட்டுப்பாடல் என்று ஒன்று ஸ்பெயினில் எப்போது இருந்தது?

ஸ்பெயின் நாட்டு இசை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஃபிளமெங்கோ மட்டும்தான் ஞாபகம் வரும். அது தெற்கே அந்தலூசியாவின் சொத்து. வடமேற்கு மூலையில் கலீசியா, அதை ஒட்டி அஸ்தூரியாஸ், அப்புறம் பாஸ்க் பகுதி, நடுவே காஸ்தீல் சமவெளி என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு பாட்டு, வேறு தாளம். சில இடங்களில் மொழியே வேறு. கடந்த பத்துப் பதினைந்து வருடமாக அந்தந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிராமத்துக் கிழவிகளின் பாட்டுகளைத் தேடி எடுத்து, சிந்தசைசரும் டிரம் மெஷினும் சேர்த்து மேடையேற்றுகிறார்கள். கூட்டம் அள்ளுகிறது. கூடவே ஒரு புலம்பலும் கேட்கிறது. மரபைக் கெடுக்கிறார்களாம், சுத்தம் போச்சாம்.

இந்தப் புலம்பலை என்னால் ஏற்க முடியவில்லை. ரசனை ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புலம்புகிறவர்கள் மனதில் வைத்திருக்கும் அந்தச் 'சுத்தம்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

இஸ்திரி போட்ட பாரம்பரிய உடை, ஒரே வரிசை, எல்லோர் காலும் ஒரே உயரத்தில் எழும்பும் நடனம். இதுதானே பலருக்கு நாட்டுப்புறக் கலை? ஸ்பெயினில் அந்தப் படத்தை வரைந்ததில் பெரும்பங்கு சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியுடையது. 1939-ல் உள்நாட்டுப் போரில் ஜெயித்த கையோடு, அந்த ஆட்சியின் கட்சியான ஃபலாங்கேயின் மகளிர் பிரிவு 'கோரோஸ் இ தான்சாஸ்' என்ற பெயரில் பாட்டு நடனக் குழுக்களை ஊர் ஊராக உருவாக்கியது. தலைமை பிலார் பிரிமோ தெ ரிவேரா, அந்தக் கட்சியை நிறுவியவரின் தங்கை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர்கள் அனுப்பிய பயிற்சியாளர்கள் கிராமங்களில் நிறையச் சேகரித்தார்கள். சில நடனங்கள் இன்று மிஞ்சியிருப்பதே அவர்களால்தான். ஆனால் சேகரித்ததை மேடைக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைத்தார்கள். போட்டி வைத்து மதிப்பெண் போட்டார்கள். இரட்டை அர்த்த வரிகள் போயின, பாவாடை இறங்கியது, இஷ்டத்துக்கு ஆடுவது தப்பானது. 1946-ல் ஐ.நா. சபை மாட்ரிடிலிருந்து தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஆட்சியின் சிரித்த முகமாக இந்தப் பெண்களைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அதே ஆட்சியில்தான் கலீசிய மொழியும் கட்டலானும் பாஸ்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டன. மொழிக்கு உதை, அந்த மொழியின் பாட்டுக்கு மட்டும் மேடை.

செகோவியாவில் அகாபிதோ மராசுவேலா என்று ஒரு துல்சைனாக் கலைஞர் இருந்தார். துல்சைனா என்பது நாகஸ்வரக் குடும்பத்து ஊதுகருவி. காஸ்தீல் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்தவர் அவர். போர் முடிந்ததும் அவருக்குக் கிடைத்தது சிறை. பாட்டை நேசித்தவர்களில் யாரை மேடையேற்றினார்கள், யாரை உள்ளே தள்ளினார்கள் என்பதைப் பார்த்தாலே அந்தச் சுத்தத்தின் லட்சணம் தெரியும்.

1975-ல் ஃபிராங்கோ இறந்தார். அதற்குப்பின் வளர்ந்த தலைமுறையில் நிறையப் பேருக்கு நாட்டுப்பாடல் என்றாலே சர்வாதிகாரத்தின் வாடை அடித்தது. பாட்டி பாடினால் பேரன் வேறு அறைக்குப் போய் ராக் கேட்டான். இன்று 'ஒழுங்காக' ஆடவில்லை என்று கோபிப்பவர்கள் கேட்பது பாட்டியின் ஒழுங்கை அல்ல, அந்தக் கட்சிப் பயிற்சியாளரின் ஒழுங்கை.

கவிஞர் லோர்காவை விட்டுவிட்டேனே. 1931-ல் அவர் லா அர்ஹென்தினீதா என்ற பாடகியோடு சேர்ந்து பழைய நாட்டுப்பாடல்களை இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். பியானோ வாசித்தது கவிஞரே. எந்தக் கிராமத்துக் களத்துமேட்டில் பியானோ இருந்தது? இன்று அந்தப் பதிவைப் 'பாரம்பரியம்' என்று கும்பிடுகிறவர்கள்தான் சிந்தசைசரைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

சரி, கட்சிக்காரர்கள் தொடாத பாட்டு எங்கே இருந்தது? அடுப்படியில். கலீசியாவில் திருவிழா நாளில் காசு வாங்கி காய்தா என்கிற பைக்குழல் வாசிப்பது ஆண்களின் வேலை. சாதாரண ராத்திரிகளில், நூல் நூற்கக் கூடும்போதும் மக்காச்சோளம் உரிக்கும்போதும், தாளம் பெண்கள் கையில். முக்கியக் கருவி பண்டெய்ரேட்டா. நம் கஞ்சிராவைப் பெரிதாக்கி வளையம் முழுக்கச் சலங்கைத் தகடு பதித்தால் எப்படி இருக்குமோ, அப்படி. வேலையெல்லாம் மணிக்கட்டில். கை பாதி மூடியபடி தோலின் மீது மேலும் கீழுமாக உருளும், விரல் முட்டி ஒரு சத்தம், விரல் நுனி இன்னொரு சத்தம், இடையில் தகடுகளின் சலசலப்பு. அதே பெண்தான் பாடவும் வேண்டும், ஆடுகிறவர்கள் ஓயும்வரை நிறுத்தவும் கூடாது. கருவி இல்லாதவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். இரண்டு சிப்பி ஓடுகளை முதுகோடு முதுகு உரசினார்கள். மிளகாய்த்தூள் டப்பாவைத் தட்டினார்கள். சோம்பு மதுப் போத்தலின் வரிவரியான கண்ணாடியைக் கரண்டியால் சுரண்டினார்கள். சலமாங்கா பக்கம் பெஞாபார்தா என்ற ஊரில் சதுரப் பறையே உண்டு. ஒரு கையில் குச்சி, மறு கை வெறும் கை. எலிசேயோ பார்ரா போன்ற இசைக்கலைஞர்கள் அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்து அதை வெளியூர் மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

1989-ல் கலீசியாவின் சந்தியாகோவில் தொடங்கிய லெய்லியா என்ற பெண்கள் குழு செய்ததும் இதைத்தான். கிராமங்களுக்குப் போய்க் கிழவிகளின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மணிக்கட்டைக் கற்றுக்கொண்டார்கள். பாடகி மெர்சேதெஸ் பெயோனும் அப்படித்தான், டேப் ரெக்கார்டரோடு. இன்று புகழோடு இருக்கும் எல்லோரும் இவர்கள் போட்ட பாதையில் நடக்கிறவர்கள்.

அதில் தன்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். அய்தா தர்ரீயோ, ஒலாயா, சபேலா மனேய்ரோ. பின்னிருவரும் இரட்டையர். 2022 ஜனவரியில், நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு ஸ்பெயினின் பாட்டைத் தேர்ந்தெடுக்க பெனிதோர்மில் நடந்த போட்டியில் பண்டெய்ரேட்டாவோடு கலீசிய மொழியில் பாடினார்கள். 'எல்லைகள் இல்லை' என்ற வரியை மட்டும் கலீசியம், ஸ்பானியம், கட்டலான், பாஸ்க், அஸ்தூரியம் என்று வரிசையாக எல்லா மொழியிலும் பாடினார்கள். தொலைபேசி வாக்கில் அவர்களுக்கு விழுந்தது 70.75 சதவீதம். கலீசியாவின் மக்கள்தொகை சுமார் 27 லட்சம், நாட்டில் ஆறு சதவீதத்துக்குள். ஊர்ப்பாசம் மட்டுமே இந்தக் கணக்கை எட்டியிருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் விதி என்ன தெரியுமா? வாக்கு எத்தனை சதவீதம் என்பது கணக்கில்லை, எத்தனையாவது இடம் என்பதுதான். முதலிடத்துக்கு 30 புள்ளி, அடுத்தவருக்கு 25, மூன்றாமவருக்கு 20. நடுவர்கள் சேர்ந்ததும் 96, 91, 90 என்று முடிந்தது. 90 இவர்களுக்கு, மூன்றாமிடம். ஜெயித்த சானெல் மக்கள் வாக்கில் வாங்கியது 3.97 சதவீதம். பாவம், அந்தப் பெண்ணைச் சமூக வலைத்தளத்தில் கிழித்தார்கள். விதியை எழுதியது அவரா? மே மாதம் இத்தாலியின் தூரினோவில் நடந்த யூரோவிஷனில் அவர் மூன்றாமிடம் பிடித்ததும் திட்டிய வாய்களே பாராட்டின. என்னைக் கேட்டால், போட்டியில் தோற்றது அந்த மூவருக்கு நல்லதாகப் போனது. ஜெயித்திருந்தால் 'யூரோவிஷன் குழு' என்ற முத்திரையோடு அடங்கியிருப்பார்கள்.

ஆனால் இந்த அலையில் எனக்கு எல்லோரையும்விடப் பிடித்தவர் ரோத்ரிகோ குவேவாஸ். அஸ்தூரியாஸ்காரர், ஒவியேதோவில் பிறந்தவர். காலில் அந்தப் பக்கத்து விவசாயிகள் சேற்றில் நடக்கப் போடும் மரச்செருப்பு, மேலே பளபளக்கும் காபரே உடை, கையில் பண்டெய்ரேட்டா. 'நாட்டுப்புறக் கலகக்காரன்' என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறார். 2019-ல் வந்த முதல் ஆல்பத்தை ரவுல் ரெஃப்ரீ தயாரித்தார், பாடகி ரோசாலியாவின் முதல் ஆல்பத்தைச் செய்த அதே ஆள். அதில் ரம்பாலைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. ரம்பால் என்பவர் அஸ்தூரியாஸின் ஹிஹோன் நகரத்து மீனவப் பேட்டையில் பெண்வேடமிட்டுப் பாடி எல்லோரையும் சிரிக்கவைத்த மனிதர். ஓரினச்சேர்க்கையாளர் என்று ஊருக்கே தெரியும், ஊரும் அவரைத் தன் பிள்ளையாகத்தான் வைத்திருந்தது. 1976-ல் அவரைக் கொன்று வீட்டுக்கும் தீ வைத்தார்கள். கொலையாளி யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பாட்டைக் கேட்டால் நூறு வருடம் முந்தியது என்றே தோன்றும். ஆனால் புதுப்பாட்டு. நான் முதலில் சொன்ன புலம்பலுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஸ்பெயினில் குருட்டுப் பாடகர்கள் சந்தை சந்தையாகப் போய்க் கொலைக் கதைகளைப் பாடி, அச்சடித்த தாளை விற்றுப் பிழைத்த காலம் ஒன்று இருந்தது. நம்மூர் கொலைச்சிந்து போலத்தான். நடந்த கொலையைப் பாட்டாக்கி ஊருக்குச் சொல்வதுதான் நாட்டுப்பாடலின் பழைய வேலை. குவேவாஸ் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார். பழைய பாட்டை அச்சு மாறாமல் திருப்பிப் பாடுகிறவரைவிட இவர்தான் மரபுக்காரர். 2023-ல் அரசே அவருக்குத் தேசிய இசை விருது கொடுத்தது.

அந்த விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மாட்ரிடுக்குக் குடிபோகாமல் அவர் பிலோஞா என்ற கிராமப்புறத்திலேயே இருக்கிறார். அங்கே இன்ஃபியெஸ்தோவில் தொழிலாளர்களின் பரஸ்பர உதவிச் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்து பாழாய்ப்போன பழைய அரங்கு ஒன்றை, மக்களிடம் பணம் திரட்டி மீட்டெடுக்கும் முயற்சிக்கு முன்நின்றார். அந்தப் பக்கத்துக் கிராமங்கள் காலியாகிக்கொண்டே வருகின்றன. பாட்டை மட்டும் நகரத்துக்கு ஏற்றுமதி செய்துவிட்டு, பாடிய ஊரில் பாட ஆளில்லாமல் போனால் அதற்குப் பெயர் மீட்பா?

எனக்கும் குறை உண்டு. அது டிரம் மெஷின் மேல் அல்ல, பெயர் போடும் பழக்கத்தின் மேல்.

1952-ல் அமெரிக்க நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் மயோர்காவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தார். அங்கே கிடைத்த அவமரியாதையில் வீம்பு வந்து, ஸ்பெயின் முழுக்கச் சுற்றிப் பாடல் பதிந்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். ஏழு மாதம். பின்னாலேயே காவல்படையின் கண். கலீசியாவில் பன்றிக்குக் காயடிக்கும் தொழிலாளி ஒருவரைப் பதிவு செய்தார். 'வந்துவிட்டேன்' என்று ஊருக்கு அறிவிக்க அவர்கள் ஊதும் சிறு குழல் உண்டு, அதில் அவர் ஒரு விடியல் மெட்டு வாசித்தார். அந்த மெட்டு இசைத்தட்டாகி நியூயார்க்கில் ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவான்ஸ் காதில் விழுந்தது. 1960-ல் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட்டில் உலகம் முழுக்கப் போனது. இசையமைத்தவர் என்று போட்ட பெயர் கில் எவான்ஸ். குழல் ஊதியவர் பெயர் ஜோசே மரியா ரோத்ரிகெஸ். நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இந்தப் பழக்கம் முழுசாக ஒழியவில்லை. 'மரபுப்பாடல்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும், இசை ஏற்பாடு செய்தவர் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். பாடிக்கொடுத்த கிழவி எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் வராது. டோரத்தே ஷூபார்த் என்ற சுவிஸ் பெண்மணி 1970-களின் கடைசியிலிருந்து கலீசியா முழுக்க அலைந்து பதிந்ததை, அந்தோன் சந்தமரீனாவோடு சேர்ந்து பல தொகுதிகளாகப் பதிப்பித்தார். மூலத்தைத் தேட வழி இருக்கிறது, மனம்தான் வேண்டும். ஒரு மெட்டைக் கணினியில் வெட்டி ஒட்டுகிறவருக்கு, கீழே ஒரு வரியில் அந்தப் பெண்ணின் பெயரைப் போட என்ன கஷ்டம்?

மாட்ரிட் ராப் பாடகர் சே தங்கானா 2023-ல் வீகோ நகரத்து செல்டா கால்பந்துக் கழகத்தின் நூற்றாண்டுக்கு ஒரு பாட்டு செய்தார். கலீசியப் பெண்களின் குரலும் பண்டெய்ரேட்டாவும் நிறைந்த பாட்டு. கழகத்துக்கு விளம்பரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பாடியது லகார்தெய்ராஸ் குழு என்று பெயரோடு தெரியும், முகத்தோடு தெரியும். இப்போது அந்த மைதானத்தில் வயசுப் பையன்கள் தொண்டை கிழிய அதைப் பாடுகிறார்கள். ஒரு காலத்தில் பாட்டியின் பாட்டு என்று கூச்சப்பட்ட அதே ஊர்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் பாயூகாவிலிருந்து தொடங்கலாம், கலீசியத் தாளமும் எலக்ட்ரானிக்கும் கலந்தது, காலை ஆடவைக்கும். மரியா அர்னாலும் மார்செல் பாஹேஸும் 2017-ல் செய்த ஆல்பம் கொஞ்சம் பொறுமை கேட்கும். போர்க்காலப் புதைகுழி ஒன்றில் அழியாமல் கிடைத்த 45 மூளைகளும் ஒரு இதயமும்தான் அதன் தலைப்பு. அப்புறம் குவாதலஹாராவின் குபேரோ சகோதரர்கள், ஊர் ஹோத்தா பாட்டை அமெரிக்க புளூகிராஸ் மாண்டலினில் வாசிக்கிறவர்கள். அண்ணன் தம்பியில் ஒருவர் மனைவியை இழந்த துக்கத்தில் 2018-ல் ஒரு ஆல்பம் செய்தார்கள். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டால் அன்றைக்கு வேறு எதுவும் ஓடாது.