குளியலறைச் சுவர் ஈ டெங்கு பரப்பாது

"குழாய்த் தண்ணீரில் வரும் இந்தக் கறுப்பு ஈ கடித்தால் டெங்கு" என்று ஒரு படம் பாளையங்கோட்டை வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிறது. தாமிரபரணித் தண்ணீர் மேல் வீண்பழி!

படத்தில் இருப்பது சாக்கடை ஈ. அது கடிக்காது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: 2 முதல் 5 மில்லிமீட்டர் நீளம், உடம்பும் இறக்கையும் முழுக்க ரோமம், உட்கார்ந்தால் குட்டி அந்துப்பூச்சி மாதிரி இருக்கும். அடித்தால் சுவரில் சாம்பல் பொடிதான் ஒட்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கோ ஊசி போல நீண்ட உறிஞ்சுகுழல், கறுப்புக் காலில் வெள்ளை வளையங்கள். அது தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். சாக்கடை ஈ குழாய்க்குள் படிந்த வழுவழுப்பு அழுக்கில் வளரும்.

சந்தேகமா? ராத்திரி அங்கணக்குழி வாயில், பசைப்பக்கம் கீழே இருக்க, கொஞ்சம் இடைவெளி விட்டு செல்லோடேப் ஒட்டுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் பிறப்பிடம் அதுதான். பினாயில் மட்டும் ஊற்றினால் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்கணும்.

வாழைத்தாரை மொய்க்கும் சிவப்புக்கண் பழ ஈயையும் சிலர் இதோடு சேர்க்கிறார்கள். அது வேறு, அதுவும் கடிக்காது.

பூச்சியைச் சின்ன டப்பாவில் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலோ காட்டிக் கேட்கலாம். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீங்க.