பட்டம் வேறு, உரிமம் வேறு

"சர்வதேசச் சட்டமும் வணிகமும் முதுகலை முடித்தால் எந்த நாட்டிலும் வழக்கறிஞராகலாம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. பட்டம் தருவது பல்கலைக்கழகம். உரிமம் தருவது அந்தந்த நாட்டு நீதிமன்றமோ வழக்கறிஞர் அமைப்போ.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் முறையாகச் சட்டம் படித்த பலர், அமெரிக்காவில் குறைந்தது 24 கிரெடிட் (பாட அலகு) கொண்ட எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை முடித்து, அங்கே வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வு எழுதுகிறார்கள். வதந்தி கிளம்பிய இடம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் வணிகவியல் மட்டும் படித்துவிட்டு முதுகலை வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை: 2021இல் வந்த எஸ்.க்யூ.ஈ. என்ற தகுதித் தேர்வு முறையில், சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞராக முதுகலையே தேவையில்லை. தேர்வுகளும் இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும்தான் முக்கியம்.

படிப்பு வீண் என்று சொல்லவில்லை. சரக்கு வாங்கும் ஒப்பந்தத்தில் 'எஃப்.ஓ.பி.' (கப்பலில் ஏற்றும்வரைதான் விற்பவர் பொறுப்பு) என்று மூன்றே எழுத்து இருந்தால், கப்பலில் ஏற்றிய பிறகு சரக்கு நனைந்து கெட்டாலும் இழப்பு வாங்கியவர் தலையில்தான். இதைப் புரிந்துகொண்டு விளக்க நிறுவனங்களுக்கு ஆள் வேண்டும்; அந்த வேலைக்குப் பெரும்பாலும் கறுப்பு அங்கி தேவையில்லை.