டிம்மரைத் தட்டினால் இருட்டு

மூன்று வாரமாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். என் பைக்கில் மாட்டிய ஹெட்லைட் சுவிட்சைப் பற்றித்தான். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

எனக்குக் கோத்தகிரியில் வீடு, குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபாக்டரியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஷிஃப்ட் முடியும். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பள்ளம். திடீரென்று மேகம் இறங்கி ரோட்டை மூடிவிடும். நடுவில் காட்டெருமை நிற்கும். கருத்த உடம்பு இருட்டோடு இருட்டாகப் போய்விடும், முட்டிக்குக் கீழே உள்ள வெள்ளை மட்டும்தான் தெரியும். அதுவும் லைட் ஒழுங்காக விழுந்தால்.

என் வண்டி 2014-ல் வாங்கிய 100 சிசி, கிக்கர் மட்டும்தான். 2017 ஏப்ரலிலிருந்து வந்த புது வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்று விதி வந்துவிட்டது, அவற்றில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. என்னுடையது அதற்கு முந்தையது. ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வராது, இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோ காயிலிலிருந்து ஏசியாக நேரே வரும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும். சமவெளியில் இது பெரிய குறையாகத் தெரியாது. இங்கே? இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை விட்டுத்தானே ஆக வேண்டும்? எங்கே வெளிச்சம் அதிகம் வேண்டுமோ அங்கேதான் லைட் அகல் விளக்கு மாதிரி சுருங்கும். பத்து வருஷம் இப்படியே ஓட்டினேன்.

சரி, செலவு செய்து சரிபண்ணுவோம் என்று கிளம்பினேன். பழைய இடது பக்க சுவிட்சில் ஹை பீம், லோ பீம் மாற்றும் டிம்மர் பட்டன் தேய்ந்துபோயிருந்தது, எதிரே வருபவருக்கு ஒரு நொடி மினுக்கிக் காட்டும் பாஸ் லைட்டும் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் புது சுவிட்ச் செட் காட்டினார்கள். டிம்மர், பாஸ், இண்டிகேட்டர், ஹார்ன், நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்கும் பட்டன், எல்லாம் ஒரே டப்பாவில். "எல்லா வண்டிக்கும் செட் ஆகுங்க தம்பி" என்றார் கடைக்காரர். அறுநூற்றைம்பது ரூபாய்.

எல்லா வண்டிக்கும் செட் ஆகும் என்றால் எந்த வண்டிக்கும் சரியாகச் செட் ஆகாது என்று அர்த்தம். ஹேண்டில்பார் குழாய் பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர்தான், அதனால் மாட்டிவிடலாம். ஆனால் சுவிட்ச் சுற்றாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும், அது உட்காரும் ஓட்டை ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். ஒயர்களை இணைக்கும் கப்ளர் வேறு, ஒயர் கலர் வேறு. மெக்கானிக் என்ன செய்தார் தெரியுமா? அந்த முளையைத் தேய்த்து எடுத்தார். கம்பெனி கப்ளரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். ஒயர்களைத் திருகி இன்சுலேஷன் டேப் சுற்றினார். சால்டரிங் இல்லை, ஸ்லீவ் இல்லை. நனைந்த காற்று வருஷத்தில் பாதி நாள் வீசும் ஊரில், வெறும் டேப்!

அதோடு விடவில்லை. "லைட் மங்காம எரியணும்னா பேட்டரியில கொடுத்துடலாம்" என்று ஹெட்லைட் ஒயரைப் பேட்டரி லைனுக்கு மாற்றிவிட்டார். நானும் தலையாட்டினேன், வேலை தெரிந்தவர் என்று நம்பித்தானே வண்டியை விடுகிறோம். கிக்கர் வண்டியின் பேட்டரி வெறும் 2.5 ஆம்பியர்-ஹவர், அதாவது 2.5 ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவுதான். ஹெட்லைட் பல்பு 35 வாட், 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். சார்ஜ் ஏறாவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்று பள்ளிக்கூடக் கணக்கே சொல்லிவிடும். ஹெட்லைட்டைப் பேட்டரிக்கு மாற்றுவதென்றால் காயிலின் எர்த்தைப் பிரித்தெடுத்து, ஏசி முழுவதையும் டிசியாக மாற்றும் ஃபுல் வேவ் ரெகுலேட்டர் போட்டு, முதலில் சார்ஜிங்கைக் கூட்ட வேண்டும். அதைச் செய்யவே இல்லை. நான்காம் நாள் காலையில் ஹார்ன் இருமியது, இண்டிகேட்டர் எரிந்தது எரிந்தபடி நின்றது. அப்புறம் வேறு ஒருவரிடம் போய், அதற்குத் தனியாகச் செலவு செய்து சரிபண்ணினேன்.

பேட்டரிகூடப் போகட்டும். அடுத்து நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாட்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஷிஃப்ட் முடிந்து வருகிறேன், வளைவு, எதிரே பஸ். நாகரிகமாக ஹை பீமிலிருந்து லோ பீமுக்குத் தட்டினேன். இரண்டும் போய்விட்டது. பட்டன் நடுவில் நின்றுவிட்டது, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பஸ் வெளிச்சம் கண்ணில் அடித்துக் கடந்துபோன அடுத்த நொடி எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது, தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, கட்டை விரலால் தடவித் தடவித் தள்ளியபோது லைட் வந்தது. முன் சக்கரத்துக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

மறுநாள் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பிஸ்கட் பாக்கெட் தகடு மாதிரி ஒரு செம்புத் துண்டு. அது உட்காரும் பிளாஸ்டிக் சூட்டில் உருகிக் குழிந்திருக்கிறது. தகட்டில் பச்சைக் களிம்பு. ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு கிரீஸ் கிடையாது. ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் இந்தத் தகடு வழியாகத்தான் போகிறது! ஆளை வழியனுப்பப் பார்த்த பொருளுக்கு என்னிடம் அறுநூற்றைம்பது ரூபாய் வாங்கினார்களே!

இதற்குத் தீர்வு ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. பேட்டரி லைன் ஒழுங்கான பிறகு லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என்று இரண்டு ரிலே போட்டால் போதும். சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே, அதன் கால்களில் நம்பர் போட்டிருக்கும். 30-ல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர், 87-ல் பல்பு, 86-ல் சுவிட்ச், 85-ல் எர்த். அப்போது ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாகப் போவது ரிலேவை இழுக்கும் துளிக் கரண்ட்தான், தகடு சூடாகாது. பழைய ஏசி லைனில் சாதாரண ரிலேவை மாட்டினால் கடகடவென்று அடித்துக்கொள்ளும், அதனால் முதல் வேலையை முதலில் செய்ய வேண்டும். இந்த விவரத்தைக் கடையில் ஒருவராவது சொன்னாரா? பட்டனில் நீல வெளிச்சம் எரியும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்கள்.

அந்த நான்கு இண்டிகேட்டர் பட்டனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது வண்டி பழுதாகி ஓரத்தில் நிற்கும்போது போட. சீசனில் மேலே வரும் வண்டிகள் பனிமூட்டத்தில் அதைப் போட்டுக்கொண்டே ஓடுகின்றன. முன்னால் போகிறவர் நிற்கிறாரா, திரும்பப் போகிறாரா என்று பின்னால் வரும் எனக்கு எப்படித் தெரியும்? கூடவே வெள்ளை எல்ஈடி பல்பு, அதுவும் ஹை பீமில். மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். லோ பீம் போடுங்கள் ஐயா, உங்களுக்கும் ரோடு தெரியும், எங்களுக்கும் கண் பிழைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் போனேன். பணத்தைக் கேட்கவில்லை. "அண்ணே, வெட்டின கப்ளரையும் பழைய சுவிட்சையும் கொடுங்க, நானே பார்த்துக்கறேன்" என்றேன். என்றைக்கோ பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார். பத்து வருஷம் எரிந்த சுவிட்ச் அது. பட்டன்தான் தேய்ந்திருந்தது, ஒரு நாளும் நடு வளைவில் என்னை இருட்டில் விட்டதில்லை. என்னைக் கேட்காமல் அதை எப்படித் தூக்கிப் போடலாம்?