கழற்றியதைத் தலைகீழாகச் செய்யவும்

நாலாவது தடவையும் தெறித்துப் போய்விட்டது. இந்த முறை 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கே போய் விழுந்தது என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

எதைச் சொல்கிறேன் என்று எம்ஜிபி என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பின் சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டரைப் பிடித்து வைக்கிற அந்தக் கிளிப். நாணயம் அளவுக்கு வளைந்த ஒரு இரும்பு வளையம், சில்லறைக் காசு பெறாது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் இந்தக் காரைச் செய்து தள்ளினார்கள். அத்தனை காரிலும் இரண்டு போல்ட் போட்டு முடிக்க வேண்டிய இடத்தில் இந்தச் சனியனை வைத்தவர் யார்? தொழிற்சாலையில் மாட்டினவருக்கு எத்தனை கை?

முன்பக்கம் டிஸ்க் பிரேக், ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. துருப்பிடித்த பிஸ்டனைத் தூக்கிப் போட்டேன், ஸ்டெயின்லெஸ் பிஸ்டன், புது சீல், புது ஹோஸ், முடிந்தது கதை. அந்தத் திமிரில்தான் பின்பக்க டிரம் பிரேக்கைத் திறந்தேன்.

சிலிண்டரைப் பேக்பிளேட் என்கிற பின்தகட்டின் துளையில் செருகி, இந்தப் பக்கம் ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் அச்சுக்கு அடியில் இன்னொரு கையை விட்டு, கிளிப்பைப் பள்ளத்தில் தள்ள வேண்டும். டார்ச்சை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். கிளிப்பின் ஒரு பல் உட்காரும், இரண்டாவது பல் உட்காரும், மூன்றாவதை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக, மிக மெதுவாக, மூச்சைக்கூட விடாமல் நெம்பினால்... டிங்! கராஜ் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் காந்தத்தை இழுத்துத் தேடினேன். கிடைத்தவை: இரண்டு வாஷர், போன வருஷம் தொலைத்த ஸ்பேனர், ஒரு செத்த சிலந்தி.

இதற்கு ரிப்பேர் புத்தகம் சொல்லும் வழி என்ன? 'கழற்றியதைத் தலைகீழாகச் செய்து மாட்டவும்.' ஐயா, நான் கழற்றியது உளியால் தட்டி, குறட்டால் பிய்த்து, என் அம்மா கேட்டால் சோறு போடாத வார்த்தைகளைச் சொல்லி. இதை எப்படித் தலைகீழாகச் செய்வது? வார்த்தைகளைப் பின்னாலிருந்து சொல்லவா?

சக்கரம் மாட்டுகிற ஹப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மரக்கட்டையைச் செருகிவிட்டு, பின்னாலிருந்து நட்டு திருகுகிற பெரிய சாக்கெட்டை வைத்து ஒரே அழுத்தாக அழுத்து என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். சரி, எந்த சாக்கெட்? அங்குல அளவு. என்னிடம் இருக்கிற பெட்டி முழுக்க மில்லிமீட்டர்.

இதற்கிடையில் கழற்றிவிட்ட பைப்பிலிருந்து பிரேக் ஆயில் சொட்டி, காலால் எட்டி பம்பர் மேல் இருந்த துணியை இழுக்கப்போய், அந்த ஆயில் பட்ட துணி பெயின்ட்டில் உரசிவிட்டது. ஆயில் என்று பெயர்தான். நிஜ எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல் ஊதிப்போகும், இது பட்டால் பெயின்ட் உரிந்துபோகும். எதைத் தொட்டாலும் ஒரு செலவு.

நாற்பது வயது தாண்டிய காருக்கு இங்கிலாந்தில் வருஷாந்தரச் சோதனைகூடக் கட்டாயமில்லை. 2018 முதல் அப்படித்தான். அதாவது, என் 1972 மாடல் நிற்குமா நிற்காதா என்று அரசாங்கத்துக்குக் கவலையில்லை. எனக்கு மட்டும் ஏன் இந்த அக்கறை?

ஐந்தாவது கிளிப் உட்கார்ந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றினேன். அதன் தொப்பியிலிருந்து 'டிங்' என்று ஒன்று விழுந்தது. நாலாவது. தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டாள்.

இன்னும் வலது பக்கம் பாக்கி. மணி நாலேகால், வெளியே கும்மிருட்டு. குளிர்காலத்தில் சாயங்காலமே இல்லாத ஊரில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வேறு தள்ளி வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியது?