அம்மாவுக்குத் தெரியலையாம்

குழுவில் சுற்றிய அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியைத் தள்ளிப்போட்ட பெண்ணை, "பெத்தா மட்டும் போதுமா? எந்த ஊசி எதுக்குன்னுகூடத் தெரியாதா?" என்று ஊசி போடுகிற இடத்தில் அத்தனை பேர் நடுவில் கத்துகிறார்கள். கீழே நம் ஆட்களே கைதட்டியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

தெரியவில்லை, சரி. யார் சொல்லிக்கொடுத்தீர்கள்?

என் மூத்தவனுக்கு ஆறாவது வாரம் பென்டாவேலன்ட், அதாவது பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஒரே ஊசி, போட்டார்கள். சாயங்காலம் உடம்பு கொதித்தது. இடது தொடையில் ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கி, காலைத் தொட்டாலே வீறிட்டான். நான் வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தேன், இன்னும் அலறினான். குளிர்ந்த துணிதான் வைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் ஓரிரு நாளில் இறங்கிவிடும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அட்டையில் தேதி எழுதிக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பத்தாவது வாரம் அத்தை, "பச்சப் பிள்ளையை மறுபடி வதைக்கணுமா" என்றார். நான் போகவில்லை. பிறகு போனபோது வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

சின்னவளுக்கு வேறொரு நர்ஸ் அக்கா. "தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி எல்லாத்துக்கும் சேர்த்து இது ஒண்ணுதாம்மா. காய்ச்சல் வரும், பயப்படாத. அரை மணி நேரம் இங்கயே உக்காரு. அடுத்தது இந்தத் தேதி, அட்டையைப் பத்திரமா வை." இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஒரு தவணையும் தவறவில்லை. அதே நான்தான், அதே அத்தைதான், அதே பத்தாம் வகுப்புப் படிப்புதான்.

ஊசி போடும் புதன்கிழமை நெரிசலில் ஒவ்வொருவருக்கும் விளக்க நேரமேது என்பீர்கள். அவர்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியும். ஆனால் திட்டுவதற்கு ஆன நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே.

தடுப்பூசிக்கு எதிராகப் பேசுகிறாயா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இந்தியாவில் 2011-க்குப் பிறகு இயற்கையாகப் பரவும் போலியோ இல்லை. தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2015-16 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 70, 2019-21-ல் 89. அந்தப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு வெயிலில் நின்றது யார்? பெரும்பாலும் அம்மாக்கள்தானே.

அப்பாவிடம் யாராவது "உனக்குத் தெரியாதா" என்று கேட்டதுண்டா? 2017-ல் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் புரளி பறந்ததே, எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டது என் கணவர். பட்டதாரி. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பையனுக்கு ஊசி போடலாமா என்று மூன்று நாள் வீட்டில் சண்டை போட்டு, கடைசியில் கூட்டிப்போனது நான். எனக்குத்தான் எதுவும் தெரியாது என்கிறார்கள்.

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் அவளிடம் சொல்லுங்கள்: ஒன்பது மாதம் தாண்டினாலும் அந்த ஊசி போடலாம், ஐந்து வயது வரைக்கும் போடுகிறார்கள். தனியாகப் போகத் தயங்கினால் அடுத்த புதன் நான் கூட வருகிறேன்.